நிகழ்பட ஆட்டங்களின் மின்னல் விற்பனை

நிகழ்பட ஆட்டங்களின் மின்னல் விற்பனை என்பது, எண்ணிம வடிவில் வழங்கப்படும் ஆட்டங்களை மிகக் குறைந்த விலையில், குறுகிய நேரத்திற்கோ குறிப்பிட்ட எண்ணிக்கை தீரும் வரைக்குமோ இணையத்தின் வழியாக விற்கும் முறையாகும். தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் இது ஃபிளாஷ் சேல் என்றே பரவலாக அழைக்கப்படுகின்றது. இம்முறை ஆடை, செல்லிடத் தொலைபேசி, மின்னணுக் கருவிகள் முதலிய பல பொருட்களுக்கும் பயன்படுத்தப்படுகின்றது.

எண்ணிம ஆட்டங்களைப் பொறுத்தவரை இம்முறையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வழங்கியில் சேமிக்கப்பட்டுள்ள ஓர் ஆட்டத்தை எத்தனை பேர் தரவிறக்கினாலும் அது குறைவதில்லை. ஆகவே "இத்தனை படிகள் மட்டுமே" என்னும் வரம்பு பொருளின் இயல்பினால் எழுவதன்று. பெரும்பாலும் விற்பவர் எடுக்கும் முடிவினால் எழுவது. இவ்விற்பனைகளைப் பற்றி வாங்குவோர் வெளிப்படுத்தும் மகிழ்ச்சி, பரபரப்பு, ஏமாற்றம், சினம் ஆகியவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு கூற்றைச் சுற்றியே அமைகின்றது.

வகைகள்

மின்னல் விற்பனைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

நேர வரம்பு உடையவை: குறித்த சில மணி நேரத்திற்கு மட்டும் விலை குறைக்கப்படும். அந்நேரத்துள் வாங்குவோர் எத்தனை பேராயினும் அனைவருக்கும் ஆட்டம் கிடைக்கும்.

எண்ணிக்கை வரம்பு உடையவை: குறைந்த விலையில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான படிகள் மட்டும் விற்கப்படும். அவை தீர்ந்ததும் விலை பழைய நிலைக்குத் திரும்பும்.

இரண்டும் கலந்தவை: நேரமும் எண்ணிக்கையும் ஒருங்கே வரையறுக்கப்படும். இவற்றுள் எது முதலில் முடிகின்றதோ அதனுடன் விற்பனையும் முடியும்.

செயல்படும் முறை

விற்பனை தொடங்கும் நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். சில விற்பனைகளில் கலந்துகொள்ள முன்பதிவும் வேண்டப்படும். தொடங்கியதும், எஞ்சியுள்ள நேரத்தைக் காட்டும் பின்னோக்கிய கடிகாரமோ, எத்தனை விழுக்காடு விற்றுவிட்டது என்பதைக் காட்டும் பட்டையோ பக்கத்தில் தோன்றும். பல கடைகளில் ஒரு பொருளைக் கூடையில் இடுவது மட்டும் அதனை உறுதிப்படுத்தாது; பணம் செலுத்தி முடித்த பின்னரே அது வாங்கியவருக்கு உரியதாகும். வேறு சில கடைகள் கூடையில் இட்ட பொருளைச் சில நிமிடங்கள் ஒதுக்கி வைத்து, பணம் செலுத்தப்படாவிடின் காத்திருப்போர் பட்டியலில் அடுத்துள்ளவருக்கு வழங்குகின்றன.

இந்தியாவில் இணையவழி அட்டைக் கொடுப்பனவுகளுக்குக் கூடுதல் உறுதிப்படுத்தலை இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கியது. ஒருமுறைக் கடவுச்சொல் தொலைபேசிக்கு வந்து சேரும் சில நொடிகள், மற்ற வேளைகளில் பொருட்படுத்தத் தக்கவை அல்ல. ஆனால் நொடிக்கணக்கில் தீரும் விற்பனையில், கடவுச்சொல் வருமுன் பொருள் தீர்ந்துவிடும் நிலை ஏற்படக்கூடும். பாதுகாப்பிற்கான ஏற்பாடு ஒன்று, இணைய இணைப்பு மெதுவாக உள்ள ஊர்களில் வாழ்வோருக்கு இவ்வாறு பாதகமாகவும் அமையலாம்.

இயல்பான பற்றாக்குறையும் செயற்கையான பற்றாக்குறையும்

ஒரு பொருள் குறைவாக இருப்பதற்கும், குறைவாக இருப்பதாக வைக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடே இவ்விற்பனை முறையைப் புரிந்துகொள்வதற்கு அடிப்படையாகும். முதல் வகைக்குத் தமிழகக் கடற்கரை ஊர்களின் சந்தை தெளிவான எடுத்துக்காட்டாகும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் முட்டத்திற்கும் இடையே அமைந்துள்ள மண்டைக்காடு பகுதியின் கடற்கரையை இங்கு நோக்கலாம். இக்கடற்கரை நெடுகிலும் வள்ளங்களிலும் கரமடியிலும் கிடைக்கும் சாளை, நெத்திலி முதலிய மீன்கள் ஏலத்தில் விற்கப்படுகின்றன. இங்கும் அளவு குறைவு, நேரமும் குறைவு. ஆனால் அவ்வளவை நிர்ணயித்தது கடல். நேரத்தை நிர்ணயிப்பது மீன் கெட்டுப்போகும் இயல்பு. மேலும், குவியல் ஏலம் கேட்போரின் கண்முன்னேயே கிடக்கின்றது. எவ்வளவு உள்ளது என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலில் மாசி மாதத்தில் நடைபெறும் கொடை விழாவையொட்டி அமையும் கடைகளும் காலவரம்பு உடையவையே. விழா முடிந்ததும் கடைகள் பிரிக்கப்படும் என்பதை வாங்குவோர் அனைவரும் அறிவர். ஆடித் தள்ளுபடியும் இத்தகையதே. இவற்றில் காலவரம்பு ஊரறிந்த நாட்காட்டியோடு பிணைந்துள்ளது.

எண்ணிம ஆட்டத்தில் குவியலும் இல்லை, நாட்காட்டியும் இல்லை. திரையில் தோன்றும் எண்ணை வாங்குபவர் நம்பவேண்டியுள்ளது. அவ்வெண்ணைச் சரிபார்க்க அவருக்கு வழி எதுவும் இல்லை.

எனினும் எண்ணிம விற்பனையின் எல்லா வரம்புகளும் செயற்கையானவை என்று கொள்ள இயலாது. மூன்றாம் தரப்புக் கடைகள் பல, ஆட்டத்தைச் செயல்படுத்தும் குறியீடுகளை வெளியீட்டாளரிடமிருந்து தொகுதி தொகுதியாகப் பெற்று விற்கின்றன. கையிருப்பிலுள்ள குறியீடுகள் தீர்ந்தால் அக்கடையைப் பொறுத்தவரை ஆட்டமும் உண்மையிலேயே தீர்ந்துவிடும். வெளியீட்டாளர் தள்ளுபடி விலைக்கு இத்தனை படிகள் மட்டும் என ஒப்பந்தத்தில் வரையறுப்பதும் உண்டு. மேலும், எண்ணிம ஆட்டங்கள் பெரும்பாலும் உரிமமாகவே விற்கப்படுகின்றன. ஆகையால், இங்கு எண்ணப்படுவது பொருளன்று, பயன்படுத்துவதற்கான அனுமதி என்பதே பொருத்தமாகும்.

வரலாறு

தொடக்கம்

திடீர்த் தள்ளுபடி இணையத்திற்கு முற்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் கேமார்ட் கடைகளில் 1965 ஆம் ஆண்டு முதல், கடைக்குள் ஒரு நீல விளக்கைச் சுழலவிட்டு, அவ்விடத்திலுள்ள பொருளுக்குச் சிறிது நேரம் மட்டும் விலை குறைக்கும் வழக்கம் இருந்தது. இணையத்தில் 2001 இல் பிரான்சில் தொடங்கப்பட்ட வாந்த்-பிரிவே, 2004 இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்ட வூட் ஆகிய நிறுவனங்கள் இம்முறைக்கு முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன. நாளொன்றுக்கு ஒரு பொருள், அது தீரும்வரை விற்பனை என்பதே வூட் தளத்தின் நடைமுறையாக இருந்தது.

நிகழ்பட ஆட்டத் துறையில் பரவலாகப் பேசப்பட்ட முதல் நிகழ்வுகளுள் ஒன்று 2006 நவம்பர் 23 அன்று நிகழ்ந்தது. அமெரிக்க நன்றியறிதல் நாளான அன்று, அமேசான் நிறுவனம் ஏறத்தாழ 300 டாலர் விலையுள்ள எக்ஸ்பாக்ஸ் 360 ஆட்டக் கருவிகளில் 1,000 கருவிகளை 100 டாலருக்கு விற்பதாக அறிவித்திருந்தது. ஒரே நேரத்தில் திரண்ட கூட்டத்தால் தளம் ஏறத்தாழக் கால் மணி நேரம் செயலிழந்தது. வேறு பொருள் வாங்க வந்தவர்களும் பாதிக்கப்பட்டனர்.

எண்ணிமக் கடைகளில்

வால்வ் நிறுவனம் 2003 இல் தொடங்கிய ஸ்டீம், பிற்காலத்தில் கணினி ஆட்டங்களுக்கான மிகப்பெரிய எண்ணிமக் கடையாக வளர்ந்தது. 2010களின் முற்பகுதியில் அதன் கோடைக்கால, குளிர்காலத் தள்ளுபடிகளில், நாள்தோறும் மாறும் சலுகைகளுடன் சில மணி நேரமே நீடிக்கும் மின்னல் சலுகைகளும் இடம்பெற்றன. இவை எண்ணிக்கை வரம்பு அற்றவை. நேர வரம்பு மட்டும் உடையவை. 2015 ஜூன் மாதத்தில், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருப்பின் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்னும் விதியை ஸ்டீம் நடைமுறைப்படுத்தியது. இதன்பின், விலை மேலும் குறைந்தால் முன்பு வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து மீண்டும் வாங்குவது இயலக்கூடியதாயிற்று. அதே ஆண்டு நவம்பர் மாதத் தள்ளுபடியிலிருந்து மின்னல் சலுகைகள் கைவிடப்பட்டு, தள்ளுபடிக் காலம் முழுதும் ஒரே விலை என்னும் முறை வந்தது.

எண்ணிக்கை வரம்பைத் தெளிவாகக் கையாண்டது, போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் குழுமத்தால் 2008 இல் தொடங்கப்பட்ட ஜிஓஜி தளம் ஆகும். இத்தளம் 2010களில் "தூக்கமின்மை" எனப் பொருள்படும் பெயரில் சிறப்பு விற்பனைகளை நடத்தியது. ஓர் ஆட்டத்தின் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான படிகள் குறைந்த விலைக்கு வைக்கப்படும். அவை தீர்ந்ததும் அடுத்த ஆட்டம் தோன்றும். அடுத்து எது வரும் என்பது முன்கூட்டி அறிவிக்கப்படாததால், விரும்பிய ஆட்டம் வருமென ஆர்வலர்கள் இரவும் விழித்திருந்து பக்கத்தைக் கவனித்தனர். படியெடுத்தலைத் தடுக்கும் பூட்டுகள் எதுவுமின்றி ஆட்டங்களை விற்பதையே தன் கொள்கையாகக் கொண்ட தளம், எண்ணிக்கைக்குப் பூட்டிட்டது முரணாகவும் காணப்பட்டது.

காலவரம்பின் மற்றொரு வடிவத்தை நிண்டெண்டோ நிறுவனம் கையாண்டது. 2020 செப்டம்பரில் வெளிவந்த சூப்பர் மாரியோ 3டி ஆல்-ஸ்டார்ஸ் என்னும் தொகுப்பின் எண்ணிமப் பதிப்பும் 2021 மார்ச் 31 வரை மட்டுமே விற்கப்பட்டு, பின்னர் கடையிலிருந்து அகற்றப்பட்டது. இதில் விலைக்குறைப்பு எதுவும் இல்லை; வரம்பு மட்டுமே இருந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் மின்னல் விற்பனை என்னும் சொல் பரவலானது 2014 ஆம் ஆண்டிலாகும். சீன நிறுவனமான சியோமி, தன் தொலைபேசிகளைப் பிளிப்கார்ட் தளத்தின் வழியாக இம்முறையில் விற்கத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 2 அன்று 40,000 ரெட்மி 1எஸ் தொலைபேசிகள் 4.2 நொடிகளில் விற்றுத் தீர்ந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. அடுத்த மாதம் 6 ஆம் நாள் பிளிப்கார்ட் நடத்திய "பிக் பில்லியன் டே" விற்பனையில் தளம் திணறியது. பொருட்கள் உடனுக்குடன் தீர்ந்தன. விலையை முன்னரே உயர்த்திப் பின் குறைத்ததாகவும் புகார்கள் எழுந்தன. மறுநாள் நிறுவனர்களான சச்சின் பன்சால், பின்னி பன்சால் இருவரும் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கோரிக் கடிதம் வெளியிட்டனர். புகார்கள் குறித்து அரசு ஆராயும் என அப்போதைய வணிகத்துறை அமைச்சர் நிர்மலா சீதாராமன் தெரிவித்தார்.

ஸ்டீம் தளத்தில் இந்திய ரூபாயில் விலை குறிப்பிடும் முறை 2015 நவம்பரில் வந்தது. அதுவரை டாலரில் வாங்க வேண்டியிருந்தமையால், பன்னாட்டு அட்டை இல்லாத மாணவர்களுக்கு இச்சலுகைகள் எட்டாதவையாகவே இருந்தன.

2021 ஜனவரி 12 அன்று இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5 கருவிக்கான முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் இருப்பு தீர்ந்தது. பின்னர் வந்த இருப்புகளும் இவ்வாறே விரைவில் தீர்ந்தன. கண்ணுக்கு இது மின்னல் விற்பனை போன்றே தோன்றினும், தள்ளுபடி எதுவும் இதில் இல்லை. உலகெங்கும் நிலவிய குறைக்கடத்திச் சில்லுத் தட்டுப்பாடே இதற்கு முதன்மைக் காரணமாகும். கடற்கரை மீன் போன்று இதுவும் இயல்பான பற்றாக்குறையைச் சேர்ந்தது.

வாங்குவோரின் எதிர்வினைகள்

மகிழ்ச்சியும் பங்கேற்பும்: விற்பனையை ஒரு விளையாட்டாகவே கருதுவோர் உளர். அடுத்த ஆட்டம் எது என ஊகிப்பதும், நண்பர்களுக்குச் செய்தி அனுப்புவதும், கூடுதற்படி வாங்கிப் பரிசளிப்பதும் இவர்களது வழக்கம். முழு விலை கொடுக்க இயலாதோர் பழைய சிறந்த ஆட்டங்களை முறையான வழியில் பெற இது வாய்ப்பளிக்கின்றது. திருட்டுப் படிகளின் பயன்பாடு குறைய மலிவான விற்பனையும் துணைபுரியும் என்பது ஆதரிப்போர் வாதமாகும்.

தவறவிடும் அச்சம்: தேவையில்லாத ஆட்டத்தையும் "இப்போது விட்டால் கிடைக்காது" என்னும் எண்ணத்தால் வாங்குவது பரவலாகக் காணப்படுகின்றது. இவ்வாறு வாங்கி ஒருமுறையேனும் திறக்கப்படாத ஆட்டங்கள் பலரது கணக்குகளில் குவிந்துள்ளன. இதனை ஆட்ட ஆர்வலர்கள் தாமே நகைச்சுவையாகக் குறிப்பிடுவதுண்டு.

நேர வேறுபாடு குறித்த மனக்குறை: விற்பனை நேரங்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய நேரத்தையொட்டி அமைகின்றன. அமெரிக்க மேற்குக் கரையில் முற்பகல் 10 மணி என்பது இந்தியாவில் இரவு 10.30 அல்லது 11.30 ஆகும். சில மணி நேரமே நீடிக்கும் சலுகை, இங்குள்ளோர் உறங்கி எழுவதற்குள் முடிந்துவிடுகின்றது.

முன்னர் வாங்கியோரின் வருத்தம்: முழு விலை கொடுத்து வாங்கிய சில நாட்களிலேயே பெருந்தள்ளுபடி வரின், தாம் ஏமாற்றப்பட்டதாக வாங்கியோர் கருதுகின்றனர். இதன் விளைவாக, வெளிவந்தவுடன் வாங்காமல் தள்ளுபடிக்காகக் காத்திருக்கும் வழக்கம் வளர்ந்துள்ளது. பழைய விலைகளைப் பதிவு செய்து காட்டும் தளங்கள் இவர்களுக்குப் பயன்படுகின்றன.

இயந்திர நிரல்கள் மீதான சினம்: மனிதரை விட விரைவாக வாங்கும் தானியங்கி நிரல்களைக் கொண்டு குறியீடுகளையோ கருவிகளையோ திரட்டி, அதிக விலைக்கு மறுவிற்பனை செய்வோரும் உண்டு. இந்நிலையில் குறைந்த விலையின் பயன் ஆடுவோருக்குச் சேராமல் இடைத்தரகருக்குச் சேர்கின்றது.

ஐயப்பாடு: எத்தனை படிகள் வைக்கப்பட்டன என்று சொல்லப்படாதபோது, வரம்பே பொய்யோ என்னும் ஐயம் எழுகின்றது. "தீர்ந்துவிட்டது" என அறிவிக்கப்பட்ட சலுகை மறுவாரமே மீண்டும் வருவது இவ்வையத்தை வலுப்படுத்துகின்றது.

உளவியல் விளக்கம்

அரிதான பொருளை மனிதர் உயர்வாக மதிக்கின்றனர் என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. 1975 ஆம் ஆண்டில் ஸ்டீபன் வோர்ச்செல் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாடியில் பத்து இனிப்பு ரொட்டிகளும் மற்றொன்றில் இரண்டும் வைத்துச் சுவைக்கக் கொடுக்கப்பட்டது. ரொட்டி ஒன்றே எனினும், இரண்டே உள்ள சாடியிலிருந்து பெற்றோர் அதனை அதிகம் விரும்பத்தக்கதாக மதிப்பிட்டனர். ராபர்ட் சியால்டினி 1984 இல் வெளியிட்ட நூலில், பிறரை இணங்கச் செய்யும் அடிப்படைக் காரணிகளுள் ஒன்றாகப் பற்றாக்குறையைச் சேர்த்தார்.

மின்னல் விற்பனை இதனுடன் மேலும் இரண்டைச் சேர்க்கின்றது. ஒன்று போட்டி, விழுக்காட்டுப் பட்டை உயர்வதைக் காணும்போது பிறர் முந்துகின்றனர் என்னும் உணர்வு ஏற்படுகின்றது. மற்றொன்று சிந்திக்கும் நேரம் குறைவது. விலையை ஒப்பிடவோ, தேவையை எண்ணிப் பார்க்கவோ இடமின்றிப் போகின்றது.

விமர்சனங்களும் மாற்று முறைகளும்

எண்ணிக்கை வரம்பை ஆதரிப்போர், பெருந்தள்ளுபடியை வரம்பின்றி வழங்கின் ஆட்டத்தை ஆக்கியோரின் வருவாய் பாதிக்கப்படும் எனவும், வரம்பு இருப்பதாலேயே அத்தகைய விலை இயலுகின்றது எனவும் கூறுகின்றனர். எதிர்ப்போர், படியெடுக்கச் செலவற்ற பொருளில் வரம்பிடுவது வாங்குவோரின் அச்சத்தை விலையாக்குவதாகும் என்கின்றனர்.

வரம்பற்ற முறையும் வெற்றி பெறலாம் என்பதற்கு 2010 மே மாதத்தில் வெளியான முதல் ஹம்பிள் பண்டில் எடுத்துக்காட்டாகும். ஆட்டங்களின் தொகுப்பொன்றை வாங்குவோர் தாம் விரும்பிய விலைக்குப் பெறலாம் என அதில் அறிவிக்கப்பட்டது. நாள் வரம்பு இருந்ததேயன்றிப் படிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. அது பத்து லட்சம் டாலருக்கும் அதிகமாக ஈட்டியது. அத்தொகையின் ஒரு பகுதி தொண்டு அமைப்புகளுக்கும் சென்றது.

சட்டநிலை

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன் கீழ், 2020 ஜூலை 23 அன்று மின்வணிக விதிகள் அறிவிக்கப்பட்டன. இணையத்தில் விற்கப்படும் எண்ணிமப் பொருட்களையும் இவ்விதிகள் உள்ளடக்குகின்றன. ஆகவே தரவிறக்கும் ஆட்டத்தை வாங்குபவரும் சட்டத்தின் நோக்கில் நுகர்வோரே ஆவார்.

2021 ஜூன் மாதத்தில் வெளியிடப்பட்ட திருத்த வரைவு, சில வகை மின்னல் விற்பனைகளைத் தடை செய்ய முன்மொழிந்தது. எல்லா மின்னல் விற்பனைகளும் தடை செய்யப்படா எனவும், தமக்கு வேண்டிய விற்பனையாளருக்கு மட்டும் பயன்படுமாறு தளங்கள் முறைகேடாக நடத்துபவையே குறிக்கப்படுகின்றன எனவும் அரசு விளக்கமளித்தது.

2022 ஜூன் 9 அன்று வெளியான தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகள், தூண்டில் விளம்பரங்களைப் பற்றிக் கூறுகின்றன. எதிர்பார்க்கப்படும் தேவைக்கு ஏற்ற இருப்பு இல்லாவிடின், இருப்பு குறைவு என்பதை விளம்பரத்திலேயே தெளிவாகக் கூறவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட மற்றொரு வழிகாட்டு நெறித் தொகுப்பு, வாங்குவோரைத் திசைதிருப்பும் 13 வகை வடிவமைப்பு உத்திகளைப் பட்டியலிட்டது. அப்பட்டியலில் முதலில் இடம்பெறுவது பொய்யான அவசரத்தை உண்டாக்குதல் ஆகும். குறைவாக இல்லாததைக் குறைவு எனக் காட்டுவது இதில் அடங்கும். இத்தகைய புகார்களைத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 இல் பதிவு செய்யலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பொருளொன்றின் விலைக்குறைப்பை அறிவிக்கும் விற்பனையாளர் அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்டவேண்டும். 2024 மே மாதத்தில் நெதர்லாந்தின் நுகர்வோர் மற்றும் சந்தை ஆணையம், ஃபோர்ட்நைட் ஆட்டத்தின் உட்கடை தொடர்பாக எபிக் கேம்ஸ் நிறுவனத்திற்கு 11 லட்சம் யூரோவிற்கும் அதிகமான தண்டம் விதித்தது. சிறுவர்களை வாங்கத் தூண்டியதும், உண்மைக்கு மாறான பின்னோக்கிய கடிகாரங்களைக் காட்டியதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களாகும்.

இவ்விதிகள் எவையும் மின்னல் விற்பனையையோ எண்ணிக்கை வரம்பையோ முற்றாக விலக்கவில்லை. வரம்பு உண்மையானதாகவும், விற்பனைக்கு முன்னரே வாங்குவோருக்குத் தெரிவிக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே இவற்றின் பொதுநோக்காகும்.